பீசாவா, ஆர்னோவின் தென்கரையா? புளோரன்ஸில் மூன்றாம் நாளை எப்படிச் செலவிடலாம்

கேள்வி இதுதான்: "அப்பா, அம்மா, மருத்துவம் படிக்கும் தங்கை, நான் என நால்வர் புளோரன்ஸுக்குப் போகிறோம். உஃபிஸி ஓவியக்கூடம், டேவிட் சிலை, பெரிய தேவாலயம் எல்லாம் முதல் இரண்டு நாளில் முடிந்துவிடும். மூன்றாம் நாளை ஆர்னோ நதியின் தென்கரையில் இருக்கும் ஓல்ட்ரார்னோ பகுதிக்கு ஒதுக்கலாமா, இல்லை பீசாவுக்குப் போய் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டு வரலாமா? தென்கரையில் இருக்கும் அருங்காட்சியகங்களில் எது பார்க்கத் தகுந்தது?"

தயங்காமல் தென்கரைக்குப் போங்கள். பீசா கோபுரம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ரயிலில் போய், படம் எடுத்து, திரும்பி வருவதிலேயே பாதி நாள் போய்விடும். அந்த நாளில் நடந்தே பார்த்து முடிக்கும் தூரத்தில், ஐரோப்பிய ஓவியக் கலையே திசை மாறிய இடம் ஒன்று இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எனக்கு முக்கியமானது. உஃபிஸியில் நீங்கள் பார்க்கும் பல படங்கள் ஏதோ ஒரு தேவாலயத்தின் பீடத்துக்காகவோ ஒரு வீட்டின் அறைக்காகவோ வரையப்பட்டு, பின்னால் அங்கிருந்து எடுத்து வரப்பட்டவை. தென்கரையில் அப்படி இல்லை. எந்தச் சுவருக்காக வரைந்தார்களோ அந்தச் சுவரிலேயே இருக்கின்றன. எந்த ஜன்னலின் வெளிச்சத்தை மனதில் வைத்து வரைந்தார்களோ அந்த ஜன்னல் இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு நாள் அருங்காட்சியகங்களில் நின்று கால் வலித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

காலையில் முதல் வேலையாகச் சாண்டா மரியா டெல் கார்மினே தேவாலயத்தில் இருக்கும் பிரான்காச்சி சிற்றாலயத்துக்குப் போய்விடுங்கள். ஒரு நேரத்தில் சிலரை மட்டும்தான் உள்ளே விடுவார்கள், அதனால் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. வெளியிலிருந்து பார்த்தால் மேல்பூச்சுகூட இல்லாத கரடுமுரடான முகப்பு. 'இதற்காகவா வந்தோம்' என்று அம்மா கேட்டாலும் கேட்பார். 1771-இல் இந்தத் தேவாலயம் தீப்பிடித்துப் பெரும்பகுதி அழிந்தது. ஒரு மூலையில் இருந்த இந்தச் சிற்றாலயம் புகை படிந்தாலும் தப்பிவிட்டது.

ஃபெலிச்சே பிரான்காச்சி ஒரு பட்டு வணிகர். அவருக்காக 1420-களின் நடுவில் மசோலினோ, மசாச்சோ என்ற இரண்டு ஓவியர்கள் சேர்ந்து புனித பேதுருவின் கதையைச் சுவர்களில் வரையத் தொடங்கினார்கள். வேலை முடியவில்லை. மசாச்சோ ரோமுக்குப் போய் 1428-இல், 27 வயதுகூட நிறையாமல் இறந்துபோனார். பிரான்காச்சி குடும்பமும் பின்னால், நகரத்தில் செல்வாக்கு மிக்க மெடிசி குடும்பத்தின் பகையால் நாடு கடத்தப்பட்டது. சுவரில் இருந்த அவர்களுடைய முகங்களையும் அழித்தார்கள். மிச்ச வேலையை அறுபது ஆண்டுகள் கழித்து, 1480-களில் ஃபிலிப்பினோ லிப்பி முடித்தார்.

உள்ளே போனதும் இடப்பக்கம் மேல் ஓரத்தில் மசாச்சோ வரைந்த ஆதாம் ஏவாளைப் பாருங்கள். சொர்க்கத்திலிருந்து துரத்தப்பட்டு வெளியே வருகிறார்கள். ஆதாம் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறான். ஏவாள் தலையை நிமிர்த்தி வாய்விட்டு அழுகிறாள். அந்த வாய் ஒரு கருப்புக் குழி மாதிரி திறந்திருக்கும். அப்படியே திரும்பி எதிர்ச் சுவரில் அதே உயரத்தில் மசோலினோ வரைந்த ஆதாம் ஏவாளையும் பாருங்கள். பழத்தைத் தின்னும் தருணம். இருவரும் அமைதியாக, அழகாக, எதுவும் நடக்காதது போல நிற்கிறார்கள். ஒரே காலம், ஒரே சிற்றாலயம். ஆனால் இந்த இரண்டு சுவர்களுக்கும் நடுவில் ஒரு யுகமே மாறியிருக்கிறது. துரத்தப்படும் இருவரின் நிர்வாணத்தை மறைக்க 17-ஆம் நூற்றாண்டில் இலைகளை வரைந்து மூடியிருந்தார்கள். 1980-களில் நடந்த சீரமைப்பில்தான் புகைக்கரியோடு சேர்த்து அந்த இலைகளையும் நீக்கினார்கள்.

அடுத்தது, பீடத்துக்கு இடப்பக்கம் கீழ் வரிசையில் ஒரு சிறிய படம். பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். பேதுரு ஒரு தெருவில் நடந்து வருகிறார். தெருவோரம் ஊனமுற்றவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பேதுரு அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய நிழல் அவர்கள் மேல் படுகிறது, பட்டதும் குணமாகி ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். நிழலே அற்புதம் செய்யும் கதை இது. அந்த நிழல் விழும் திசையைக் கவனித்தால், பீடத்துக்கு மேலே இருக்கும் உண்மையான ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தோடு பொருந்தியிருக்கும். மசாச்சோ சிற்றாலயத்தின் ஜன்னலையே படத்துக்குச் சூரியனாக்கிவிட்டார். இந்தப் படத்தைப் பெயர்த்து எந்தப் பெரிய அருங்காட்சியகத்தில் மாட்டினாலும் அதன் பாதி உயிர் போய்விடும்.

மேலே இருக்கும் பெரிய படத்தில் வரி வசூலிப்பவன் இயேசுவிடம் வரி கேட்கிறான். பேதுரு ஒரே படத்தில் மூன்று முறை வருவார். நடுவில் இயேசு சொல்வதைக் கேட்கிறார், இடது ஓரத்தில் மீனின் வாயிலிருந்து காசு எடுக்கிறார், வலது ஓரத்தில் அந்தக் காசைக் கொடுக்கிறார். புளோரன்ஸ் நகரம் 1427-இல் சொத்துக் கணக்கெடுத்துப் புதிய வரிமுறையைக் கொண்டுவந்ததையும் இந்தப் படத்தையும் சேர்த்துப் பேசும் ஆய்வாளர்கள் உண்டு. இளம் மைக்கலாஞ்சலோ இந்தச் சுவர்களின் முன் உட்கார்ந்துதான் படம் வரைந்து பழகினார். இங்கே வந்து பழகியபோதுதான் தொர்ரிஜானோ என்ற சக மாணவன் சண்டையில் குத்தி அவர் மூக்கை உடைத்தான். அந்த உடைந்த மூக்கு கடைசிவரை சரியாகவில்லை.

இங்கிருந்து சில நிமிட நடையில் சாண்டோ ஸ்பிரிட்டோ தேவாலயம். மதியம் மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். இதன் முகப்பு வெறும் வெள்ளைப் பூச்சுச் சுவர். ஆனால் உள்ளே புருனெலெஸ்கி. பெரிய தேவாலயத்தின் குவிமாடத்தைக் கட்டிய அதே மனிதர். 1444-இல் வேலை தொடங்கியது, இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துவிட்டார். மற்றவர்கள் முடித்தார்கள். சாம்பல் நிறக் கல்தூண்கள் இரண்டு பக்கமும் வரிசையாகப் போய் பீடத்தையும் சுற்றி வரும். மெல்ல நடந்து ஒரு சுற்று வாருங்கள். இந்தக் கட்டடத்துக்கு அதுதான் சரியான மரியாதை.

இங்கே தவறவிடக் கூடாதது மைக்கலாஞ்சலோவின் மரச் சிலுவைச் சிற்பம். சக்ரிஸ்டி எனப்படும் பூசைப்பொருள் அறையில் இருக்கிறது, அதற்கு மட்டும் சிறு கட்டணம். அப்போது அவருக்கு 18 வயது இருக்கும். ஆதரித்து வந்த லொரென்சோ மெடிசி 1492-இல் இறந்த பிறகு, இங்கிருந்த மடத்தின் தலைவர் அவரை மடத்து மருத்துவமனையில் சடலங்களை அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்க அனுமதித்தார். அதற்கு நன்றியாகச் செய்து கொடுத்த சிலுவை இது என்று சொல்வார்கள். பல காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டு, 1962-இல் மார்க்ரிட் லிஸ்னர் என்ற ஜெர்மானியக் கலை ஆய்வாளர் இதே மடத்துக்குள் அடையாளம் கண்டார். டேவிட் சிலையின் முறுக்கேறிய உடலை முந்தின நாள் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது அதே கைதானா என்று சந்தேகம் வரும். அவ்வளவு மெலிந்த, எலும்பு தெரியாத, இன்னும் வளர்ந்து முடியாத ஒரு பையனின் உடல். உங்கள் தங்கை அதிக நேரம் நிற்கப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

மதியச் சாப்பாட்டை இந்தத் தேவாலயத்தின் முன்னால் இருக்கும் சதுக்கத்திலோ பக்கத்துச் சந்துகளிலோ முடித்துக்கொள்ளலாம். சைவம் என்றால் ரிபொல்லீட்டா கேளுங்கள். கருநிறக் கோஸ் இலை, பீன்ஸ், பழைய ரொட்டி எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்த கெட்டிச் சூப். தக்காளியும் ரொட்டியும் சேர்த்துச் செய்யும் பாப்பா அல் பொமொதோரோவும் நன்றாக இருக்கும். இந்த ஊர் ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். அது அவர்கள் வழக்கம், சமையல்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். அசைவம் சாப்பிடுபவர்கள் லாம்ப்ரெடோட்டோ என்ற மாட்டு இரைப்பைச் சாண்ட்விச்சைத் தெருவண்டியில் வாங்கிச் சாப்பிடலாம். உள்ளூர்த் தொழிலாளிகளின் பழைய மதிய உணவு அது.

சாப்பிட்டுவிட்டுத் தெருக்களில் கொஞ்சம் நடங்கள். தென்கரை காலங்காலமாக கைவினைஞர்களின் பேட்டை. தங்க முலாம் பூசுபவர்கள், புத்தகம் கட்டுபவர்கள், செருப்புத் தைப்பவர்கள், பழைய மரச்சாமான்களைச் சீர்செய்பவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். வாடகை ஏற ஏறக் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது வருத்தமான விஷயம். கதவு திறந்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு எட்டிப் பாருங்கள், படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சான் ஃபிரெடியானோ பக்கம் 1786 முதல் பட்டு நெய்துவரும் பட்டறை ஒன்று 18-ஆம் நூற்றாண்டுத் தறிகளை இன்னும் ஓட்டுகிறது.

பழைய மாளிகைகளின் சுவரில், இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, வளைவு வைத்த ஒரு சின்னப் பொந்து கண்ணில் படும். ஒரு ஒயின் குடுவை நுழையும் அளவுதான் இருக்கும். பிரபுக் குடும்பங்கள் தங்கள் தோட்டத்து ஒயினை இதன் வழியாக நேரடியாகத் தெருவில் விற்றன. 1630-களில் பிளேக் பரவியபோது விற்பவரும் வாங்குபவரும் தொட்டுக்கொள்ளாமல் வியாபாரம் நடக்க இது வசதியாக இருந்தது. காசைக்கூடக் கையால் வாங்காமல் உலோகக் கரண்டியில் வாங்கி வினிகரில் போட்டார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது சில கடைகள் இதே பொந்துகளைத் திரும்பத் திறந்து ஒயினும் காபியும் கொடுத்தன.

சரி, பிட்டி அரண்மனைக்கு வருவோம். முழு அரண்மனையையும் பார்க்க முயற்சி செய்யாதீர்கள். உள்ளே ஓவியக்கூடம், நவீன ஓவியக்கூடம், அரச பொக்கிஷம், ஆடைகளின் அருங்காட்சியகம் என்று பல இருக்கின்றன. எல்லாவற்றையும் ஓட்டமாய்ப் பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது. பாலட்டைன் ஓவியக்கூடம் ஒன்று போதும்.

லூக்கா பிட்டி என்ற வங்கியர் 1458-இல் கட்டத் தொடங்கிய மாளிகை இது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்து முதலாம் கோசிமோ மெடிசியின் மனைவி எலியனோரா இதை வாங்கினார். அதன் பிறகு மெடிசி, லொரேன், சவோய் என மூன்று வம்சங்கள் இங்கே இருந்து ஆண்டன. 1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தபோது அரசர் தங்கியதும் இங்கேதான். ஓவியக்கூடத்தில் படங்கள் காலவரிசையிலோ ஓவியர் வரிசையிலோ இருக்காது. சட்டத்தோடு சட்டம் உரசும்படி, கூரை வரைக்கும் அடுக்கி மாட்டியிருப்பார்கள். ஆண்டவர்கள் தங்கள் அறைகளை அலங்கரித்த விதம் அது, அதையே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் கண் திணறும், அப்புறம் பழகிவிடும்.

இங்கே ராஃபேலின் படங்கள் 11 இருக்கின்றன. சனிக் கோளின் பெயர் வைத்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்த மரியாளின் வட்டப் படத்தைத் தேடுங்கள். 1513-ஐ ஒட்டி வரைந்தது. குழந்தையை இறுக்கி அணைத்து, அதன் தலையில் தன் தலையைச் சாய்த்து, நேராக நம்மைப் பார்க்கிறாள். தோளில் பச்சை நிறக் கோடு போட்ட சால்வை. வட்டச் சட்டத்துக்குள் அடங்க முழங்கை, முழங்கால், குழந்தையின் பாதம் எல்லாமே வளைந்திருக்கும், ஆனாலும் வளைத்த மாதிரியே தெரியாது. 1799-இல் நெப்போலியனின் ஆட்கள் இதைப் பாரிசுக்கு எடுத்துப் போனார்கள், 1815-இல் திரும்பி வந்தது. வியாழன் அறையில் அதே ராஃபேல் வரைந்த முக்காடு போட்ட பெண்ணையும், செவ்வாய் அறையில் போரின் கொடுமையை ரூபென்ஸ் வரைந்த பெரிய படத்தையும் பார்த்தால் போதும். பல நிறக் கற்களை இழைத்துச் செய்த மேசைகளையும் குனிந்து பாருங்கள். கல்லைக் கையாள்வதில் இந்த ஊர்ப் பட்டறைகளுக்குத் தனிப் பெயர் உண்டு. கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைத்திருக்கும் பெட்டிக்குக் கீழே இருக்கும் பீடத்தைக்கூட, இந்த அரண்மனையில் வாழ்ந்த மூன்றாம் கோசிமோதான் புளோரன்ஸில் செய்வித்துக் கப்பலில் அனுப்பினார். 1698-இல் அங்கே நிறுவினார்கள்.

இவ்வளவும் இன்னும் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு ஒரு பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். மெடிசி குலத்தின் கடைசி வாரிசு அன்னா மரியா லுயீசா. தம்பி வாரிசில்லாமல் இறந்து ஆட்சி லொரேன் வம்சத்துக்குப் போனபோது, 1737-இல் ஓர் ஒப்பந்தம் போட்டார். குடும்பத்தின் ஓவியம், சிற்பம், நகை, நூல்கள் எதையும் புளோரன்ஸை விட்டு வெளியே எடுத்துச் செல்லக் கூடாது, அவை மக்களின் பயனுக்கும் வெளிநாட்டவரை ஈர்ப்பதற்கும் இங்கேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1743-இல் இதே அரண்மனையில்தான் இறந்தார். அவர் மட்டும் கையெழுத்து வாங்கியிருக்காவிட்டால் முதல் இரண்டு நாளில் நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி வியன்னாவுக்கோ ஏலத்துக்கோ போயிருக்கும்.

பின்னால் இருக்கும் போபோலி தோட்டம் மேட்டு நிலம். சரளைக்கல் பாதை, நிழல் குறைவு. கோடையில் அப்பா அம்மாவை அதன் உச்சிவரை ஏற்ற வேண்டாம். கீழேயே, நுழைந்ததும் இருக்கும் எகிப்திய ஸ்தூபியையும், வடக்கு மூலையில் புவொண்டலெண்டி கட்டிய செயற்கைக் குகையையும் பார்த்தால் போதும். மைக்கலாஞ்சலோ முடிக்காமல் விட்ட கைதிகள் சிலைகள் நான்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இந்தக் குகையின் மூலைகளில்தான் நின்றன. டேவிட் இருக்கும் கூடத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்களே, அவைதான். இப்போது குகையில் இருப்பவை நகல்கள்.

பெற்றோர் அரண்மனை முன்னால் காபி குடித்து ஓய்வெடுக்கும் நேரத்தில் தங்கையை லா ஸ்பெகோலாவுக்கு அனுப்புங்கள், ஐந்து நிமிட நடைதான். 1775-இல் பொதுமக்களுக்குத் திறந்த அறிவியல் அருங்காட்சியகம். நீண்ட சீரமைப்புக்குப் பிறகு 2024-இல் மீண்டும் திறந்தது. பாடம் செய்த நீர்யானை முதல் பூச்சிகள் வரை எல்லாம் உண்டு, ஆனால் போக வேண்டியது மெழுகு உடற்கூறு மாதிரிகளுக்காக. மருத்துவமனையிலிருந்து வந்த சடலங்களை அறுத்து, அச்செடுத்து, நிறம் சேர்த்த மெழுகை ஊற்றி, நிணநீர் நாளங்கள் வரை ஒவ்வொன்றையும் செய்திருக்கிறார்கள். மாணவர்கள் ஒவ்வொரு முறையும் பிணத்தைத் தேட வேண்டியதில்லை என்பதுதான் நோக்கம். கிளெமெண்டே சுசினி செய்த படுத்திருக்கும் பெண் உருவம் கழுத்தில் முத்து மாலை அணிந்திருக்கும். உடலை அடுக்கடுக்காகத் திறந்து உள்ளுறுப்புகளைப் பார்க்கலாம் என்பதுபோலச் செய்தது. இதைப் பார்த்து அசந்துபோன புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் ஒரு முழுத் தொகுப்பைச் செய்யச் சொல்லி, ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வியன்னாவுக்குக் கொண்டுபோனார். மன உறுதி குறைந்தவர்களுக்கு வேண்டாம், மருத்துவம் படிப்பவர்கள் விட்டுவிடவே கூடாது.

போண்டே வெக்கியோ பாலம் நோக்கித் திரும்பும் வழியில் சாண்டா ஃபெலிசிட்டா தேவாலயம். கதவைத் தாண்டியதும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் பொண்டோர்மோ என்ற ஓவியர் 1525 முதல் 1528 வரை வரைந்த படம் இருக்கிறது, இயேசுவின் உடலைச் சிலுவையிலிருந்து இறக்கிச் சுமந்து செல்கிறார்கள். மூன்று ஆண்டுகளும் மறைப்புக் கட்டி, யாரையும் உள்ளே விடாமல் வரைந்தார். இருட்டாக இருக்கும். பக்கத்தில் காசு போட்டால் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். எரிந்ததும் இளஞ்சிவப்பும் வெளிர் நீலமும் ஆரஞ்சும் ஒன்றாக எழும்பும். படத்தில் சிலுவை இல்லை, ஏணி இல்லை, தரையே இருக்கிறதா என்று தெரியவில்லை. முன்னால் குத்துக்காலிட்டவனின் முழு எடையும் கால்விரல்களில் நிற்கிறது. விளக்கு அணைந்த பிறகும் ஒரு நிமிடம் நில்லுங்கள். வலப்பக்கச் சுவர் ஜன்னலின் ஒரு பக்கம் தேவதூதரையும் மறுபக்கம் மரியாளையும் வரைந்திருப்பார். பீடப்படத்தின் வெளிச்சமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் விழுகிறது.

அதே தேவாலயத்தில் நிமிர்ந்து பார்த்தால், வாசலுக்கு மேலே ஒரு மாடம் தெரியும். வசாரி என்ற கட்டடக் கலைஞர் 1565-இல் ஐந்தே மாதத்தில் கட்டிய மேல்வழிப்பாதை அதன் வழியாகத்தான் போகிறது. மெடிசிகள் தெருவில் கால் வைக்காமல் உஃபிஸியிலிருந்து பிட்டி வரை நடக்க அது உதவியது. பூசையையும் அந்த மாடத்திலிருந்தே கண்டார்கள். அந்தப் பாதை போண்டே வெக்கியோ பாலத்தின் மேல் போகும்போது தென்முனையில் ஒரு கோபுரத்தைச் சுற்றி வளைந்து செல்லும். கோபுரத்துக்குச் சொந்தக்காரர்களான மன்னெல்லி குடும்பத்தினர் இடிக்கச் சம்மதிக்கவில்லை. கீழே இருந்த இறைச்சிக் கடைகளை 1593-இல் அகற்றிவிட்டுப் பொற்கொல்லர்களை வைத்தது மெடிசி ஆட்சியாளர் முதலாம் ஃபெர்டினாண்டோ. பாதை 2024 டிசம்பரில் மீண்டும் திறந்தது, உஃபிஸி பக்கமிருந்து போபோலி குகைக்குப் பக்கத்தில் வந்து இறங்கலாம். உஃபிஸிக்குச் சீட்டு எடுக்கும்போதே அதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாலத்துக்குத் தென்புறம் கட்டடங்கள் புதிதாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை நகரத்தின் மற்ற பாலங்களை எல்லாம் தகர்த்தது. போண்டே வெக்கியோவை மட்டும் விட்டுவிட்டு, வழியை அடைக்க அதன் இரு முனைகளிலும் இருந்த பழைய வீடுகளை வெடிவைத்து இடித்தது.

மாலையில் கால்களுக்கு வேலை கொடுக்காமல் 12 அல்லது 13-ஆம் எண் பேருந்தில் மேலே ஏறிவிடுங்கள். எல்லோரும் மைக்கலாஞ்சலோ சதுக்கத்தில் இறங்கி நின்றுவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் மேலே சான் மினியாட்டோவுக்குப் போங்கள். ஆயிரம் ஆண்டுப் பழைமையான தேவாலயம், அனுமதி இலவசம். தரையில் 1207-ஆம் ஆண்டைப் பொறித்த ராசிச் சக்கரப் பளிங்கு இருக்கிறது. மாலை வழிபாட்டில் இங்குள்ள துறவிகள் கிரிகோரியன் எனப்படும் பழைய லத்தீன் வழிபாட்டு இசை முறையில் பாடுவார்கள். நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், காலையிலேயே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை எல்லாத் தேவாலயங்களுக்கும் தேவை.

கடைசியாகக் கிழமை. பிட்டி அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும், பிரான்காச்சிக்குச் செவ்வாய், சாண்டோ ஸ்பிரிட்டோவுக்குப் புதன் விடுமுறை. அதனால் மூன்றாம் நாள் வியாழன் அல்லது வெள்ளியாக வரும்படி பயணத்தை அமைத்தால் சிக்கலே இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பிட்டி போன்ற அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கூட்டம் அதிகம். அப்பா அம்மாவோடு போவதால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். நாள் மாற்றவே முடியாமல் திங்களில் மாட்டினால் பிட்டியை விட்டுவிடுங்கள், பிரான்காச்சியை விடாதீர்கள். செவ்வாயில் மாட்டினால் பிரான்காச்சியை மட்டும் முந்தின நாள் காலைக்கு மாற்றுங்கள்.